பன்னிரண்டில் நின்ற வளையம்

பன்றி விழுந்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. கரஸ்தானெவ் அதன் முதுகில் ஒரு பூட்ஸ் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் வெளிச்சம் சரியா விழுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் தொப்பியில் ஒரு ஓக் கிளை செருகியிருந்தது. நுனியில் பன்றியின் ரத்தம். எவன் வீழ்த்தினானோ அவனுக்குத்தான் அந்தக் கிளை. தோய்த்துக் கொடுத்தவன் வேட்டைச் சங்கத் தலைவன் தெல்ச்சோ. இப்போது கைபேசியைப் பிடித்துப் படம் எடுப்பவனும் தெல்ச்சோதான்.

"கொம்புப் பல்லு நல்லாத் தெரியணும், தலைவரே."

"தெரியுது சார். ஒரு சாண் இருக்கும் போல. கொஞ்சம் தலையைத் தூக்குங்க. உங்க தலையைச் சொன்னேன்."

அதிலிருந்து இருபதடி தள்ளி, பீச் மரத்தடியில், ஸ்தோய்னா தரையில் உட்கார்ந்திருந்தாள். தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். சனி, ஞாயிறுகளில் நாயோடு காட்டில் இறங்கிப் பன்றியை விரட்டுகிறவள். தன் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி விரித்து அதில் நாயைக் கிடத்தியிருந்தாள். சொரசொரப்பான பழுப்பு மயிர் வேட்டை நாய். பெயர் சுர்லா. சுர்லா என்றால் கல்யாண ஊர்வலங்களில் ஊதும் குழல். அடுத்த பள்ளத்தாக்கு வரை கேட்கும் குரல் என்பதால் குட்டியிலேயே வைத்த பெயர். அந்தக் குரல் இன்று பதினொரு மணிக்கு, கத்தரியால் வெட்டியதுபோல நின்றது.

ஜேக்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரத்தத்தைக் கண்டு திருப்பிக்கொள்கிற ஆள் இல்லை அவன். நகரத்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் பட்டறை வைத்திருப்பவன். ஒவ்வொரு குளிர்காலமும் இந்தச் சங்கத்தோடு வேட்டைக்கு வந்து, முழங்கை வரை கையை விட்டுக் குடலை இழுத்துப் போட்டுவிட்டு அதே கையால் ரொட்டி தின்றவன். இன்று திருப்பிக்கொண்டது அந்த பூட்ஸ் காலைப் பார்த்து.

நடந்தது இவ்வளவுதான். சரிவின் ஓரமாகத் துப்பாக்கிக்காரர்களை வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். ஏழாம் இடத்தில் கரஸ்தானெவ். எட்டாம் இடத்தில் தான்யோ, எழுபத்தொரு வயது, பழைய துப்பாக்கி, குழல் நுனியில் குறிபார்க்க வெறும் இரும்புக் குறிமுள். விரட்டுக்காரர்கள் கீழிருந்து பன்றியைக் கிளப்பினார்கள். பன்றி முன்னால், சுர்லா பின்னால். கரஸ்தானெவ், தான்யோ இருவருக்கும் எதிரே இருந்த ஓடையைத் தாண்டும்போது இரண்டு வெடி, ஒரு மூச்சு இடைவெளியில். போய்ப் பார்த்தால் பன்றி கிடக்கிறது. நாலடி பின்னால் நாய் கிடக்கிறது. இரண்டிலும் ஒவ்வொரு ஓட்டை. இரண்டு பேரும் ஒரே கரையில் நின்றவர்கள், இரண்டு துப்பாக்கியும் ஒரே அளவுக் குண்டு, இரண்டு குண்டும் உடம்பைத் துளைத்து மறுபக்கம் போய் மண்ணில் தொலைந்துவிட்டன.

"ரெண்டு குண்டு, ரெண்டு உடம்பு. இதுல யோசிக்க என்னய்யா இருக்கு?" என்று தெல்ச்சோ வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டான். "சார் துப்பாக்கியில இருக்கிறது ரெட்டைக் கண்ணாடி. நம்ம தான்யோ அண்ணன் கண்ணுல இருக்கிறது ரெட்டைப் புரை."

நாலைந்து பேர் சிரித்தார்கள். தான்யோ சிரிக்கவில்லை. தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றினார்.

இப்போது படம் எடுத்து முடித்த தெல்ச்சோ, காலையில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட வேட்டைத் தாளை கரஸ்தானெவின் ஜீப்பின் முன்மூடியில் விரித்து எழுத ஆரம்பித்தான். தான்யோவின் அஜாக்கிரதையால் நாய் இறந்தது. அதன் கீழே தான்யோ கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை அவருடைய வேட்டை உரிமச் சீட்டு போகும். துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். இந்த வயதில் ஒருமுறை போன சீட்டு திரும்பி வராது.

"போட்டுடுங்கண்ணே. பெருசா எதுவும் ஆகாது. நாய்தானே."

"நான் பன்னியோட தோளைத்தான் பிடிச்சேன் தெல்ச்சோ," என்றார் தான்யோ. "முள்ளு தோள்ல உக்காந்துச்சு. அப்புறம்தான் அழுத்தினேன். அப்படித்தான் ஞாபகம்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா இந்தக் கண்ணை நம்பி எப்படிச் சொல்றது. நான்தானோ என்னமோ."

அந்த 'என்னமோ'தான் ஜேக்கோவை அந்த இடத்திலிருந்து கிளப்பியது. ஒரு மனிதரை அவருடைய கண்ணையே சந்தேகப்பட வைத்துவிட்டார்கள். அதற்குக் காரணமான கருவியை மாட்டிக் கொடுத்தது இவனுடைய கை.

மூன்று வாரத்துக்கு முன்னால் கரஸ்தானெவ் பட்டறைக்கு வந்திருந்தான். கல் குவாரிக்காரன். வேட்டைக் குடிசைக்குப் புதுக் கூரை போட்டுத் தருவதாகச் சொல்லித்தான் இந்தச் சங்கத்துக்கு விருந்தாளியாக நுழைந்தான். மேஜைமேல் ஒரு புது ரைஃபிளையும் துப்பாக்கிமேல் மாட்டும் தொலைநோக்கியான ஒரு பெரிய ஸ்கோப்பையும் தீப்பெட்டி அளவிலான ஒரு சிவப்புப் புள்ளிக் கண்ணாடியையும் வைத்து, "ரெண்டையும் ஒண்ணா மாட்டிக் குடு மேஸ்திரி. பாக்கிறவன் வாயைப் பொளக்கணும்," என்றான்.

ஜேக்கோவுக்கு ஆசை வந்துவிட்டது. அதுதான் இப்போது அவனை அரித்தது. மூன்று நாள் அதையே கட்டிக்கொண்டு கிடந்தான். உண்மையிலேயே அழகான ஏற்பாடு அது. தூரத்துக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. ஸ்கோப்பில் ஒரு வளையம் உண்டு, மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் போட்டிருக்கும். பன்னிரண்டில் வைத்தால் இருநூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் மானின் இமை தெரியும். ஆனால் பெரிதாக்க ஆக்க, பார்க்கிற பரப்பு சுருங்கிக்கொண்டே போகும். ஒரு சுவரை அருகில் பார்க்கச் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்ததுபோல. பதினைந்து எட்டு தூரத்தில் ஓடும் பன்றியைப் பன்னிரண்டில் பார்த்தால் ஒன்றரைச் சாண் மயிர்தான் தெரியும். அதுவும் புகைமூட்டமாக, ஏனென்றால் கண்ணாடிகள் நூறு மீட்டருக்குத் தெளிவாக இருக்கும்படி அமைத்தவை. தலையா, வாலா, அது என்ன பிராணி என்பதுகூடத் தெரியாது.

அதற்காகத்தான் மேலே அந்தச் சின்னக் கண்ணாடி. அது எதையும் பெரிதாக்காது. உள்ளே கடுகளவு ஒரு சிவப்பு விளக்கு. அதன் ஒளி வளைந்த ஒரு சில்லில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பும்போது, புள்ளி கண்ணாடியில் இருப்பதாகத் தோன்றாது. தூரத்தில் அந்த மிருகத்தின் மேலேயே ஒட்டியிருப்பதாகத் தோன்றும். இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருக்கலாம். பன்றியும் தெரியும், பின்னால் வரும் நாயும் தெரியும், நாய்க்குப் பின்னால் வரும் மனுஷியும் தெரியும். ஸ்கோப்பின் முதுகில் ஏறி உட்கார்ந்திருப்பதால் புள்ளி குழலைவிட ஒரு முழுக் கையகலம் உயரத்தில் இருக்கும். ஐம்பது மீட்டருக்குச் சரிசெய்தால் பத்து மீட்டரில் குண்டு புள்ளிக்கு மூன்று நாலு விரல் கீழே படும். ஜேக்கோ இதையெல்லாம் தாளில் படம் போட்டே காட்டினான்.

"காட்டுல நிக்கும்போது வளையம் எப்பவும் மூணுல இருக்கட்டும் சார். பக்கத்துல வந்தா தலையைக் கொஞ்சம் தூக்குங்க, புள்ளி தானா கண்ணுக்கு வரும். தூரமா வெட்டவெளியில நின்னா மட்டும் வளையத்தைத் திருப்புங்க."

"ம், ம்." கரஸ்தானெவ் கைபேசியில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தான்.

"பேட்டரி வீணாகக் கூடாதுன்னு இதுல ஒரு சிவப்புத் தாள் சொருகி வெச்சிருக்கேன். வேட்டை அன்னிக்குக் காலையில வாலைப் பிடிச்சு உருவிடுங்க. உருவலைன்னா புள்ளி எரியாது."

"சரி சரி மேஸ்திரி. கறுப்புத்தானே பூசியிருக்கு? வெள்ளியா பளபளன்னு தெரியக் கூடாது."

கேட்கவே இல்லை இவன் என்பது அன்றைக்கே தெரிந்தது. தெரிந்தும் ஜேக்கோ திருகுகளைக் கடைசிச் சுற்று முடுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் மனைவியின் பச்சை நகப்பூச்சில் ஒரு சொட்டு வைத்தான். திருகு அசைந்தால் சொட்டு வெடித்துக் காட்டிக்கொடுக்கும். வேலை சுத்தம்.

இப்போது அந்த ரைஃபிள் ஜீப்பின் பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. ஜேக்கோ அதன் அருகே போய்க் குனிந்து பார்த்தான். தொடவில்லை. முதலில் வளையத்தைப் பார்த்தான். பிறகு மேலே இருந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்தான். பிறகுதான் எடுத்துத் தோட்டா அறையின் பூட்டைப் பின்னால் இழுத்தான். உள்ளேயிருந்து ஒரு முழுத் தோட்டா துள்ளி வெளியே வந்து புல்லில் விழுந்தது.

வேட்டை முடிந்ததாகக் கொம்பு ஊதிக் கால்மணிக்கு மேல் ஆகிறது. ஊதியதும் தோட்டாவை எடுத்துவிட வேண்டும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். இத்தனை பேர் நடமாடும் இடத்தில் அந்தக் குழல் தோட்டாவோடு சாய்ந்து நின்றிருக்கிறது.

"அட, மறந்துட்டேன்," என்றான் கரஸ்தானெவ். முகத்தில் ஒரு சின்ன வெட்கம்கூட இல்லை.

"பரவாயில்ல சார்," என்றான் தெல்ச்சோ.

ஜேக்கோ தோட்டாவைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான். "சார், பன்னியை எப்படி அடிச்சீங்க? நான் பாக்கல. மூணாம் இடத்துல இருந்தேன்."

கரஸ்தானெவுக்கு அதைச் சொல்வதில் சலிப்பே இல்லை. "ஓடையைத் தாண்டி வந்துச்சு. பதினஞ்சு எட்டு இருக்கும். நீ சொன்ன மாதிரியே மேஸ்திரி, தலையைத் தூக்கினேன், ரெண்டு கண்ணும் திறந்தபடி, சிவப்புப் புள்ளியைத் தோள்ல வெச்சேன். டப்."

"புள்ளி நல்லாத் தெரிஞ்சுதா?"

"ரத்தச் சிவப்பா."

"நாய்?"

"பன்னிக்கு நாலடி பின்னால. தெளிவாப் பாத்தேன். அதனாலதான் முன்னாடி பாத்து அடிச்சேன்."

ஜேக்கோ ரைஃபிளைத் தெல்ச்சோவின் முகத்துக்கு நேராகப் படுக்கை வசத்தில் நீட்டினான். "தலைவரே, இந்தச் சின்னக் கண்ணாடியோட இடுப்புல என்ன தெரியுது?"

சிவப்பாக ஒரு நாக்குப்போல நீட்டிக்கொண்டிருந்தது தாள். ஜேக்கோ தின்ற வேஃபரின் உறையிலிருந்து கத்தரித்தது. அதில் பாதி எழுத்துகூடத் தெரிந்தது.

"என்னய்யா இது?"

"பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவுல நான் வெச்ச தாள். இது இருக்கிற வரைக்கும் புள்ளி எரியாது. பொத்தானை அழுத்திப் பாரு."

தெல்ச்சோ அழுத்தினான். ஒன்றும் இல்லை. ஜேக்கோ தாளை உருவினான். அழுத்தினான். சில்லில் புள்ளி எரிந்தது. ரத்தச் சிவப்பாகத்தான்.

கரஸ்தானெவ் தொப்பியிலிருந்த கிளையைச் சரிசெய்தான். "சுட்டப்புறம் நான்தான் திரும்பச் சொருகினேன். பேட்டரி வீணாகக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"உருவத்தான் முடியும் சார், சொருக முடியாது. சொருகணும்னா இந்த மூடியைத் திருகிக் கழட்டணும். திருகுத் தலையில பச்சையா இருக்கே, அது என் பொண்டாட்டி நகப்பூச்சு. வெடிக்கவே இல்ல, பாருங்க."

பின்னாலிருந்து யாரோ, "அவ விரல்லகூட இத்தனை நாள் நிக்காது," என்றார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"சரி, அப்போ ஸ்கோப்புலதான் பாத்திருப்பேன்." கரஸ்தானெவின் குரல் சூடேறியது. "அவசரத்துல எதுல பாத்தேன்னு எவனுக்கு ஞாபகம் இருக்கும்? பாத்தது பன்னி. அது போதாதா?"

"வளையம் பன்னிரண்டுல நிக்குது."

"நின்னா என்ன? பெருசாத் தெரிஞ்சா நல்லதுதானே?"

இதற்குப் பதில் வாயால் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று ஜேக்கோவுக்குத் தெரிந்தது. இரண்டு நெம்புகோல்களைத் தட்டி ஸ்கோப்பைத் தனியாகக் கழற்றினான். ரைஃபிளை ஜீப்புக்குள் வைத்தான். பிறகு ஸ்தோய்னாவிடம் போனான்.

"ஸ்தோய்னா, சுர்லாவை... ஒரு நிமிஷம். பன்னிக்குப் பக்கத்துல வெச்சுக்கட்டுமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "நானே தூக்கிட்டு வர்றேன். நீ தொடாதே."

தூக்கி வந்து பன்றியின் பக்கத்தில் கிடத்தினாள். கழுத்துப் பட்டையை ஒருமுறை நேராக்கிவிட்டாள். ஜேக்கோ தெல்ச்சோவின் தோளைப் பிடித்துத் திருப்பி, எண்ணிப் பதினைந்து எட்டு நடத்திக் கூட்டிப்போனான்.

"கண்ணை மூடு."

"என்ன விளையாட்டுய்யா இது, கல்யாண வீடு மாதிரி?"

"மூடு தெல்ச்சோ."

மூடினான். ஜேக்கோ அவனைத் திருப்பி நிறுத்தி, ஸ்கோப்பை அவன் கண்ணில் வைத்துத் தானே பிடித்துக்கொண்டான். "திற. என்ன தெரியுது?"

"மயிரு. பழுப்பா... கலங்கலா."

"நாயா, பன்னியா?"

"பன்னி."

ஸ்கோப்பைக் கொஞ்சம் நகர்த்தினான். "இது?"

"இது நாய். இல்ல, இரு. நாய்தான்."

ஜேக்கோ ஸ்கோப்பை எடுத்துக்கொண்டான். தெல்ச்சோ வெறுங்கண்ணால் பார்த்தான். ஸ்கோப் முதலில் நின்ற இடத்தில் சுர்லாவின் விலா. அடுத்து நின்ற இடத்தில் பன்றியின் பிட்டம். அந்த நாய்க்கு ஏழு வருஷமாகத் தன் தட்டிலிருந்து எலும்பு போட்டவன் தெல்ச்சோ. அவன் உதடு என்னவோ செய்தது. சட்டைக்கையால் கண்ணைத் துடைத்தான். ஸ்கோப் பட்டதனால் துடைப்பதுபோல.

"குறிமுள்ளை வெச்சிருக்கிறவருக்கு முழுக்காடும் தெரியும்," என்றான் ஜேக்கோ. "புரை இருந்தாலும் எது முன்னால ஓடுது, எது பின்னால ஓடுதுன்னு தெரியும். இவருக்குத் தெரிஞ்சது ஒன்றரைச் சாண் மயிரு. அதைச் சுட்டாரு. பன்னி தான்யோ அண்ணனோடது."

தான்யோ மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இந்த முறை கழற்றவில்லை.

தெல்ச்சோ ஜீப்புக்குப் போய்த் தாளைக் கையில் எடுத்தான். நியாயமாக அவன் அதில் ஏழாம் இடம், கரஸ்தானெவ் என்று எழுதியிருக்க வேண்டும். அவன் தான்யோவின் பெயரை அடித்தான். வேறு பெயர் எழுதவில்லை. விரட்டில் நாய் ஒன்று விபத்தில் இறந்தது என்று மட்டும் எழுதி மடித்தான்.

"பேரு எங்கே?"

"விடு ஜேக்கோ. அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது, அது போதும்." குரலைத் தாழ்த்தினான். "குடிசை ஒழுகுதுய்யா. கூரை பாதியில நிக்குது."

"த்தூ," என்றான் ஜேக்கோ. துப்பவில்லை. வாயில் எச்சில் வறண்டிருந்தது.

அதற்குள் பன்றியைத் தோலுரித்து, எண்ணிப் பங்கு போட ஆரம்பித்துவிட்டார்கள். பசி யாரையும் விடுவதில்லை. அண்டாவில் பீன்ஸ் சூப் கொதித்தது. பிளாஸ்டிக் விரிப்பின் மேல் இறைச்சிக் குவியல்கள், ஆளுக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று. தலையும் கொம்பும் தனியாக, வீழ்த்தியவனுக்கு. இங்கே பங்கு பிரிக்கிற முறை ஒன்றுதான். ஒருவன் முதுகைக் காட்டி நிற்பான். இன்னொருவன் ஒரு குவியலைக் காட்டி, "யாருக்கு?" என்பான். முதுகு காட்டி நிற்பவன் பார்க்காமலே ஒரு பெயர் சொல்வான். சொன்னது சொன்னதுதான். மறுபேச்சு கிடையாது. பதினோரு வருஷமாக முதுகு காட்டி நிற்பவன் ஜேக்கோ.

இன்றும் போய் நின்றான். முகத்துக்கு நேரே வெறும் காடு. பின்னால் குவியல்களைக் காட்டுபவன் தெல்ச்சோ.

"யாருக்கு?"

"மெட்டோதிக்கு."

"யாருக்கு?"

"ஸ்தோய்னாவுக்கு."

ஒவ்வொன்றாகப் போயிற்று. "சுர்லாவுக்கு," என்றபோது தெல்ச்சோவின் குரல் அடுத்த கேள்விக்குக் கொஞ்சம் தாமதித்தது. கடைசிக்கு முந்திய குவியல் வந்தது.

"தலை. யாருக்கு?"

"தான்யோ அண்ணனுக்கு. கொம்போட."

காட்டில் எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டியது. விரிப்பில் இன்னும் ஒரு குவியல் மீதி இருந்தது. சொல்லாத பெயரும் ஒன்றுதான் மீதி.

"யாருக்கு?" என்றான் தெல்ச்சோ. அது கேள்விபோல இல்லை. கெஞ்சல்போல இருந்தது.

"குள்ளநரிக்கு."

சொன்னது சொன்னதுதான். பிறகு முதல் பங்கு வாங்கிய மெட்டோதி குனிந்து அந்தக் குவியலை வாளியில் அள்ளினான். கொண்டுபோய்ப் புதருக்குள் கவிழ்த்துவிட்டு வந்து, கையைக் கழுவினான். தெல்ச்சோ கரஸ்தானெவின் தொப்பியை நிமிர்ந்து பார்க்காமலே கையை நீட்டினான். கரஸ்தானெவ் கிளையை உருவிக் கொடுத்தான். தெல்ச்சோ அதைத் தான்யோவிடம் நீட்ட, அவர் வாங்கினார். தொப்பியில் வைக்கவில்லை. ஸ்தோய்னாவின் பக்கம் போய் நாயின் மேல் வைத்தார்.

அவமானப்பட்ட முகத்தைப் பார்க்கலாம் என்று ஜேக்கோ எதிர்பார்த்திருந்தான். அது அங்கே இல்லை. கரஸ்தானெவ் சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தான்.

"நான் பன்னி சாப்பிடறதில்ல மேஸ்திரி, கொழுப்பு. அந்த ஸ்கோப்பைத் திரும்ப மாட்டிக் குடுத்துடு. வர்ற சனிக்கிழமை வேற சங்கத்துல கூப்பிட்டிருக்காங்க. புள்ளிதான் இப்ப எரியுதே."

ஸ்கோப் இன்னும் ஜேக்கோவின் கையில்தான் இருந்தது. பன்னிரண்டில் நின்ற வளையத்தைக் கட்டைவிரலால் மூன்றுக்குத் திருப்பினான். பழக்கம். பிறகு ஜன்னல் வழியே ஸ்கோப்பை இருக்கையில் வைத்தான். பையிலிருந்த தோட்டாவைக் கொடுக்கவில்லை.

"நான் மாட்ட மாட்டேன்."

"நீ இல்லன்னா எவனாவது மாட்டுவான்."

"மாட்டுவான்," என்றான் ஜேக்கோ. அது உண்மை. நல்ல வேலைக்காரனாகவே கிடைப்பான். திருகுகளை அளவாக முடுக்குவான். படம் போட்டும் விளக்குவான்.

ஜீப் போன பிறகு ஊற்றுக்குப் போய்க் கையைக் கழுவினான். தண்ணீர் எலும்பு வரை சில்லிட்டது. துப்பாக்கி எண்ணெயின் வாசனை போகவில்லை. மணலை அள்ளித் தேய்த்தான். போகவில்லை.

"உன் வேன்ல மண்வெட்டி இருக்கா?" ஸ்தோய்னா பின்னால் வந்து நின்றாள்.

"இருக்கு."

"வேர் வெட்டக் கோடாலியும் எடுத்துக்கோ. பீச் மரத்தடி. வேர் நிறைய இருக்கும்."

அவன் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வேனை நோக்கி நடந்தான். தான்யோ அதற்குள் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, மரத்தடியில் காத்திருந்தார்.